வேப்பிலை கட்டிய கதவு

மலைமேல் நாகலூரில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை இறங்கும். அந்தப் பாதையின் வளைவில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காவேரியின் வீடு இருந்தது. ஓடு வேய்ந்த சின்ன வீடு. அதன் கதவு நிலையில் வருஷம் முழுக்க வேப்பிலை தொங்கும்.

ஊர் உலகத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். சொந்தக்காரர்கள்கூடப் படி ஏற மாட்டார்கள். முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இலையை அவிழ்த்து ஓடையில் விட்டுவிடுவார்கள். காவேரி வீட்டில் மட்டும் பழைய இலை காய்ந்த கையோடு புது இலை வந்துவிடும். அதுவும் லேசான காரியமில்லை. மலைக்குளிர் வேம்புக்கு ஆகாது, மேலே தேடினாலும் கிடைக்காது. அடிவாரத்தில் ஒடித்த கொத்து ஒன்றை, சேலத்திலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் தங்கராஜ் தன் சீட்டுக்கு மேலே கம்பியில் செருகிக்கொண்டு வருவார். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் அது ஆடிக்கொண்டே மலை ஏறும்.

அந்த வீட்டுக்கு ஆத்தா வரவே இல்லை என்பது காவேரிக்கும் அவள் புருஷன் சின்னனுக்கும் மட்டும் தெரியும். ஆத்தா வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் பேரையே கதவில் கட்டியிருந்தார்கள். இதைவிடப் பெரிய துணிச்சலை அந்த மலையில் யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காவேரி துணிச்சல்காரியாகப் பிறந்தவள் இல்லை. கிளியூர்ப் பக்கம் வரகும் சாமையும் விதைக்கிற குடும்பம். அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பிகள் இரண்டு பேரும் ஓடியாடும் வயசுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். "நம்மூட்ல ஆம்பளைப் புள்ளை தங்காது" என்று அவள் அம்மா அரிசி களைந்தபடியே சொல்வாள், மழை வரும் என்று சொல்வதைப் போல. காவேரி அதைக் கேட்டு வளர்ந்தாள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு குறை இருக்கும், நம் வீட்டில் இது என்று நினைத்துக்கொண்டாள்.

நாகலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முதலில் கமலா பிறந்தாள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற பெண். அடுத்து ஒரு பையன். ஊரில் தட்டம்மை பரவிய வருஷம், எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. மற்ற பிள்ளைகள் எழுந்து கொய்யா மரம் ஏறப் போய்விட்டார்கள். அவள் பிள்ளை எழவில்லை. அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சாயங்காலம், காவேரி அம்மாவின் வார்த்தையைத் தானும் சொல்லிப் பார்த்தாள். வாயில் வரவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கப்பன் பிறந்தான். கண்ணில் கனவு ஒட்டிக்கொண்டே பிறந்தவன்போல இருப்பான். காதில் சீழ், நெஞ்சில் சளி, வாயில் வெள்ளை, ஒன்று ஆறினால் ஒன்று. இந்தத் தடவை காவேரி விடுவதாக இல்லை. சேலத்துக்குத் தூக்கிப் போனாள். அங்கே பார்த்தவர்கள் வேலூருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, பையனின் ரத்தத்தையெல்லாம் பார்த்துவிட்டு, காவேரி எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"உங்க கூடப் பொறந்த ஆம்பளைப் பசங்க யாராவது சின்ன வயசுல தவறிட்டாங்களா?"

காவேரிக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ரெண்டு தம்பிங்க. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"ஒடம்புக்குள்ள நோயை எதிர்த்து நிக்கக் காவல் இருக்கும்மா. இவனுக்குப் பிறவியிலயே அது பத்தாது. தாய் வழியா ஆம்பளைப் புள்ளைங்களுக்கு வர்றது. பொண்ணுங்க தப்பிச்சுக்குவாங்க."

"அப்ப, எங்கிட்ட இருந்துதான் வந்துதுங்களா?"

"உங்ககிட்ட இருந்து வந்தது. நீங்க செஞ்சது இல்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காவேரி அந்த அம்மாளைச் சாகும்வரை மறக்க மாட்டாள். டாக்டரம்மா மேலும் சொன்னார். கூட்டத்தில் விடக் கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர்களை அண்டவிடக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு வந்து போகிற அம்மை இவனுக்கு உயிருக்கே வினை. "அம்மை போட்ட யார்கூடவாவது இவன் இருந்துட்டான்னு தெரிஞ்சா, கொப்புளம் வருதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திராதீங்க. அன்னைக்கே கிளம்பி வந்துருங்க. மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஊசி ஒண்ணு இருக்கு. உடனே போட்டாத்தான் பிரயோஜனம். நாள் கடத்தினா என் கையில இல்லை."

சொல்வது சுலபம். அண்டவிடாமல் இருப்பது எப்படி? மலையில் கதவு என்பது காற்றுக்கும் கரடிக்கும்தான், மனுஷனுக்கு இல்லை. சித்தி வருவாள், பங்காளி வருவான், நெருப்புக் கேட்டு வருவார்கள், சும்மா உட்கார வருவார்கள். வந்தவர்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்லாத வீடு வீடே இல்லை. சின்னன் அதிகம் பேசாதவர். அவரே வாய் திறந்தார்.

"மாமன் மச்சானை ஊட்டுக்கு வராதேன்னு சொன்னா, நாளைக்கு நம்மளைத் தூக்க ஆளு வருமா காவேரி?"

"வராதேன்னு நாம எதுக்குச் சொல்லோணுங்க?" என்றாள் காவேரி. "சொல்றவ சொன்னாச் சரின்னு போயிருவாங்க."

அடுத்த வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். "தாயே, நீ எங்கூட்டுக்கு வராம இருக்கறதுக்கு உன்ற பேரையே சொல்லப் போறேன். எனக்கு வேற வழி தெரியலை. கோவிச்சுக்கறதுன்னா எம்மேல கோவிச்சுக்க, பையன் மேல வேண்டாம்." ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காவேரி வந்து இலையைக் கட்டினாள்.

மந்திரம் போட்டதுபோல ஊர் விலகிக்கொண்டது. சித்தி பாதையிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பங்காளி வேலிக்கு அந்தப் பக்கமே நலம் விசாரித்தான். கமலா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்கட்டில் குளித்து, துணி மாற்றி, அப்புறம்தான் தம்பியைத் தொட வேண்டும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. காவேரி நிம்மதியாகத் தூங்கினாள்.

அங்கப்பனுக்கு அந்த வீடும் ஒரு ஜன்னலும்தான் உலகம். அதற்காக அவன் ஒன்றும் வாடிப்போகவில்லை. தோட்டத்துப் பக்கமிருந்து காலையில் பனி ஏறி வரும். முதலில் மிளகுக்கொடி மறையும், பிறகு ஓக் மரம், பிறகு வேலி. கடைசியில் ஜன்னல் கம்பிக்கு இடையில் கொஞ்சம் உள்ளே வந்து எட்டிப் பார்க்கும். அந்த வீட்டுக்குள் கேட்காமல் வருகிற ஒரே விருந்தாளி அது. அங்கப்பன் அதற்குத் தடுக்கு எடுத்துப் போடுவான். அது உட்கார்ந்திருக்கிறது, இருமுகிறது, ஊருக்குப் போகிறேன் என்கிறது என்று அம்மாவுக்குச் சொல்வான். மத்தியானம் வெயில் அடித்தால் தடுக்கைச் சுருட்டி வைப்பான்.

ஒரு நாள் கேட்டான், "அம்மா, நம்மூட்ல ஆத்தா இருக்கறான்னு எல்லாரும் சொல்றாங்களே, எந்த மூலையில இருக்கறா?"

காவேரிக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டது. "அடுப்பு மூலையிலதான் சாமி. அவளுக்குக் குளுரும்."

அன்றிலிருந்து அவன் சோற்றில் ஒரு பிடி அடுப்பு மூலைக்குப் போனது. எறும்பு தின்றதோ எலி தின்றதோ, காலையில் இருக்காது. அங்கப்பன் அந்த மூலையைப் பார்த்து மணிக்கணக்கில் பேசுவான். பனிக்காலத்தில், கதவு சாத்தி, காப்பிக்கட்டை புகைகிற நேரத்தில், காவேரியே சில சமயம் அந்தப் பக்கம் கால் நீட்டாமல் உட்கார்ந்தாள். ஒருவேளை வந்துதான் இருக்கிறாளோ, கூப்பிட்டதும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டாளோ என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது பயம் வரவில்லை, வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை துணை இருக்கிற மாதிரி இருந்தது.

வினை வேறு வழியில் முளைத்தது. ஒரு வீட்டை விட்டு ஆத்தா போகவே மாட்டேன் என்கிறாள் என்றால், ஊர் என்ன நினைக்கும்? முதலில் "பாவம்" என்றார்கள். அப்புறம் "என்ன குத்தமோ" என்றார்கள். அதற்கும் அப்புறம் யாரோ ஒரு புண்ணியவதி, "குத்தமில்ல, அவளுக்கு அந்த ஊடு புடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். வேலியில் மஞ்சள் துணி கட்ட ஆரம்பித்தார்கள். கூழ்ச்சட்டி வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் காவேரிக்கு வாய்வரைக்கும் வரும். சொன்னால், அப்படியானால் இலை எதற்கு என்று கேட்பார்களே. எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்தானே என்று பேசாமல் இருந்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

அங்கப்பனுக்கு ஆறு வயசு நடக்கும்போது, மாசி முடிகிற நேரம். ஒரு மழை விழுந்து காப்பி பூத்திருந்தது. மலை முழுக்க வெள்ளை, ஊரெல்லாம் ஒரே வாசனை, மனுஷர்கள் பாதி உறக்கத்தில் நடப்பதைப்போல நடந்தார்கள். அந்தப் பூவோடு ஊரில் அம்மையும் இருந்தது. காவேரியும் சின்னனும் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். கமலா பள்ளிக்கூடத்தில். அங்கப்பன் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜன்னலில் இருந்தான்.

மேட்டுக் குடியிருப்பில் இருக்கும் மாதம்மாள் தன் மகள் கண்ணாயியைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கி வந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் முத்து. காய்ச்சல் விட்டபாடில்லை. ஆத்தா நிரந்தரமாகக் குடியிருக்கிற வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கிடத்தினால் இறங்கிவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். வேலியைத் தாண்டி வந்து, வாசலில் பிள்ளையைக் கிடத்தி, கை கூப்பினாள். பனி ஏறி வந்து இரண்டு பேரையும் மூடியது.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது. ஒரு பையன் நின்றான். பிறந்ததிலிருந்து அந்த வாசலில் யாரும் சொல்லிக் கேட்காத வார்த்தையை, பாதையில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லக் கேட்டு மனசில் வைத்திருந்தவன், அன்றைக்குத்தான் அதைச் சொன்னான்.

"வாங்க. உள்ள வாங்க. வெளிய குளுருது."

காவேரி மட்டும் முன்னதாகத் திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தது. அடுப்பு மூலையில் தடுக்குப் போட்டு, கண்ணாயி சுருண்டு படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் அங்கப்பன் உட்கார்ந்து, காப்பிக்கொட்டைகளை அவள் உள்ளங்கையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் காவேரி அதுவரை பார்த்ததில்லை.

"பையனே கூப்புட்டானுங்க அக்கா" என்றாள் மாதம்மாள். கண் கலங்கியிருந்தது. "ஆத்தாளே கூப்புட்ட மாதிரி இருந்துச்சு."

காவேரிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கண்ணாயியின் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி மாதம்மாள் கையில் கொடுத்து, "கொஞ்சங் கொஞ்சமாக் குடு" என்றாள். அப்புறம் அங்கப்பனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேலே பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்கால பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. படியில் கால் வைத்ததும் உள்ளே சலசலப்பு. "ஆத்தா இருக்கற ஊட்டுப் புள்ளைய வண்டியில ஏத்தறதா? குடும்பம் குட்டியோட இருக்கறோமில்ல?" என்று மூட்டைக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். தங்கராஜ் தர்மசங்கடமாகப் படியை மறித்தார்.

"ஏனுங்கக்கா, ஆத்தா ஊட்ல இருக்கறப்ப ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா? வேப்பிலை கொண்டாந்து குடுத்தவனே நானு. எறங்கிருங்க."

காவேரி பஸ்ஸைப் பார்த்தாள். பாதி முகம் சொந்தம், மீதி முகம் பழக்கம். சொன்னால் இந்த மலையில் இனி தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் பையனுக்கு ஊசி இல்லை. அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"எங்கூட்ல ஆத்தா இல்லீங்க" என்றாள். "எப்பவுமே இல்லீங்க. நான் பொய்யாக் கட்டுன இலை அது."

கம்பளியை விலக்கிப் பையனின் முகத்தைக் காட்டினாள்.

"இவனுக்குப் பொறவியிலயே நோயத் தாங்கற சக்தி இல்லீங்க. என் தம்பிங்க அப்படித்தான் போனாங்க, எம் மொதப் பையன் அப்படித்தான் போனான். ஊட்டுக்கு வராதீங்கன்னு உங்களைச் சொல்ல எனக்கு வாய் வல்லீங்க. அதுக்குத்தான் கட்டுனேன். இன்னைக்கு அம்மை போட்ட புள்ள கூட இவன் உக்காந்துட்டான். இப்பப் போனா ஊசி இருக்குது. நாளைக் கடத்துனா இல்லீங்க. என்னை என்ன வேணாப் பண்ணுங்க, வண்டியில மட்டும் போக உடுங்க."

செம்பைத் திருப்பிக் கொடுக்கப் பின்னாலேயே வந்திருந்த மாதம்மாள், மகளைத் தோளில் போட்டபடி ரோட்டோரத்து மரத்தடியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"எம் புள்ளையாலயா அக்கா?" என்றாள்.

"உம் புள்ள மேல தப்பில்ல மாதம்மா. என்னை நம்பி வந்தே. தப்பு எம்மேல."

மாதம்மாள் செம்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கராஜ் படியிலிருந்து விலகி விசில் கொடுத்தார். கடைசி சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். அது கோபமா, பயமா, பிள்ளைக்கு இடம் விட்டதா என்று காவேரிக்குத் தெரியவில்லை. அந்த நீள சீட்டில் அங்கப்பனை மடியில் போட்டுக்கொண்டு மலை இறங்கினாள். பனி பஸ்ஸுக்கு வெளியே கூடவே வந்தது. ஒரு வளைவுக்குக் கீழே அது நின்றுவிட்டது.

"பனி வரலையா அம்மா?"

"அதுக்குக் கீழ சூடு தாங்காது சாமி."

"நாம இல்லாம ஆத்தாளுக்கு யாரு சோறு வெப்பாங்க?"

காவேரி அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வேலூரில் ஊசி போட்டார்கள். அதே டாக்டரம்மா. "நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். ஆனாலும் அங்கேயே இருக்கச் சொன்னார். காவேரி தினமும் காலையில் பையனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நாள் வயிற்றில் முத்து தெரிந்தது, முதுகில் கொஞ்சம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மருந்து ஏற்றினார்கள். காய்ச்சலில் அங்கப்பன் காப்பிக்கொட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். காவேரி யாரை வேண்டுவது என்று தெரியாமல் முழித்தாள். யார் பேரில் பொய் சொன்னாளோ அவளையேதான் வேண்டிக்கொண்டாள். முத்து அதற்கு மேல் ஏறவில்லை. காய்ந்து உதிர்ந்தது. டாக்டரம்மா அவன் கன்னத்தைத் தட்டி, "ஊருக்குப் போ ராசா" என்றார்.

சேலத்தில் மலை பஸ் ஏறும்போதுதான் காவேரிக்கு ஊர் ஞாபகம் வந்தது. தங்கராஜ்தான் கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், பையனைப் பார்த்தார், அடுத்த சீட்டுக்குப் போனார். சீட்டுக்கு மேலே கம்பி வெறுமனே இருந்தது. காவேரி அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இனி யார் வேண்டுமானாலும் படி ஏறுவார்கள். சண்டை போட ஏறுவார்கள், வேடிக்கை பார்க்க ஏறுவார்கள். எந்த முகத்தோடு அவர்களை வராதே என்பது?

ஊர் முழுக்க மன்னித்துவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஆத்தா பேரில் விளையாடியவள் என்று கடைசிவரை அவளோடு பேசாதவர்கள் உண்டு. அன்றைக்கும் கடைவாசலில் இரண்டு பெண்கள் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பையனைத் தூக்கிக்கொண்டு, காப்பிப்பூ கருகி உதிர்ந்து கிடந்த பாதையில் அவள் இறங்கினாள்.

கதவு நிலையில் வேப்பிலை தொங்கியது. பச்சை இலை. காம்பில் இன்னும் ஈரம் இருந்தது.

சின்னன் வாசலில் நின்றிருந்தார். அங்கப்பனைக் கை நீட்டி வாங்கி, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டார்.

"நீங்க கட்டுனீங்களா?" என்று காவேரி கேட்டாள்.

"நான் கட்டலை. தங்கராஜு காலம்பர வண்டியில கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு. மாதம்மா வந்து கட்டுனா. அவ புள்ளைக்கு எறங்கித் தண்ணி ஊத்தியாச்சு."

அங்கப்பன் உள்ளே இறங்கியதும் ஜன்னலுக்குத்தான் ஓடினான். வேலிக்கு அந்தப் பக்கம், பாறை மேலே மாதம்மாளும் கண்ணாயியும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் முகத்தில் முத்து இருந்த தடம் கறுப்புக் கறுப்பாக இருந்தது. அங்கப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"வாங்க! உள்ள வாங்க!"

கண்ணாயி எழப் பார்த்தாள். மாதம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஜன்னலைப் பார்த்து, சிரிக்காமல், பக்தியோடு சொல்கிற குரலிலேயே சொன்னாள்:

"வர மாட்டோம் சாமி. அது ஆத்தா இருக்கற ஊடு. நாங்க இங்கயே உக்காந்துக்கறோம், நீ பேசு."